மேற்கோள் குறி போட்டால் உயிர் வரும் நிரல்: டிஐ-84 பிளஸ் சிஇ கணிப்பானின் பட்டியல் பகுதி

சிங்கப்பூரில் தொடக்கக்கல்லூரிக்குப் போகும் பிள்ளை உள்ள வீடுகளில் ‘ஜிசி’ (கிராஃபிங் கால்குலேட்டர்) என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எச்2 கணிதம் என்ற உயர்நிலைக் கணிதப் பாடத்தை எடுக்கும் மாணவர்களிடம் வரைபடம் வரையும் கணிப்பான் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தே மேல்நிலைத் (ஏ லெவல்) தேர்வின் வினாத்தாள் அமைக்கப்படுகிறது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் சிஇ அத்தகைய கணிப்பான்களுள் ஒன்று. இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வளைகோடுகளை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். நானோ கடந்த ஓராண்டாக, உட்லண்ட்ஸில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் வாரம் இரண்டு மாலை என் அக்கா மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, எண்களை மேலிருந்து கீழாக நிரல்களில் இட்டு வைக்கும் இதன் பட்டியல் பகுதியைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். ஆகவே இந்த மதிப்புரை அந்த ஒரு பகுதியைப் பற்றியது, அதிலும் குறிப்பாக ஒரு நிரல் முழுவதற்கும் ஒரே சூத்திரத்தை எழுதிவிடும் வசதியைப் பற்றியது.

ஸ்டாட் விசையை அழுத்தி முதல் தெரிவான எடிட்டுக்குள் நுழைந்தால் எல்1 முதல் எல்6 வரை பெயரிட்ட நிரல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் 999 எண்கள் வரை இடலாம். பழைய டிஐ-84 பிளஸ் கணிப்பானின் திரை அகலத்தில் 96, உயரத்தில் 64 புள்ளிகள் மட்டுமே கொண்டது என்பதால் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களைத்தான் அதில் பார்க்க முடியும். 2015-ல் வந்த சிஇ வகையின் வண்ணத் திரை 320-க்கு 240 புள்ளிகள் கொண்டது, அதில் ஐந்து நிரல்கள் தெரிகின்றன. கேட்பதற்கு அற்பமான வேறுபாடு போலத் தோன்றினாலும், மூல அளவீடுகள் இரண்டு நிரல், அவற்றிலிருந்து பெற்றவை இரண்டு நிரல், பொருத்திய கோட்டிலிருந்து ஒவ்வோர் அளவீடும் விலகும் தூரமான எச்சம் ஒரு நிரல் என்று வேலை செய்யும்போது எல்லாம் ஒரே பார்வையில் படுவது பெரிய நிம்மதி. அம்புக்குறியை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருந்தால் எந்த எண் எதற்கு உரியது என்பதே மறந்துபோகும்.

நிரலுக்குச் சூத்திரம் எழுதும் முறை எளிது. மேல் அம்புக்குறியை அழுத்தி நிரலின் தலைப்பில், அதாவது எல்3 என்ற பெயரின் மேலேயே, சுட்டியை நிறுத்த வேண்டும். திரையின் அடியில் ‘எல்3=’ என்று ஒரு வரி தோன்றும். அதில் எழுதியதை என்டர் விசை நிரல் முழுவதற்கும் செயல்படுத்தும். ஆனால் இதே செயலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதையும், அவை ஒன்றுக்கொன்று வெகு தூரம் என்பதையும் கணிப்பான் தானாக எங்கும் சொல்வதில்லை. எங்களுக்கு அது ஒரு குவளைத் தேநீரின் வழியாகத்தான் தெரியவந்தது.

அளவீடுகளை மடக்கை, வர்க்கம், தலைகீழி ஆகியவற்றின் துணையால் நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது எச்2 கணிதத்தின் புள்ளியியல் பகுதியில் வரும் பாடம். அதைப் பாடப்புத்தக எண்களைக் கொண்டு நடத்தாமல், அடுப்பிலிருந்து இறக்கிய தே தாரிக்கில் சமையல் வெப்பமானியை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தோம். எல்1-ல் நேரம். பூஜ்யத்திலிருந்து 30 வரை ஐந்தைந்தாக ஏறும் இந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டத் தேவையில்லை. தலைப்பில் நின்று சீக்வென்ஸ் கட்டளையை அழைத்தால் தொடக்கம், முடிவு, இடைவெளி என்று அதுவே கேட்டு நிரலை நிரப்பிவிடுகிறது. எல்2-ல் வெப்பநிலை: 84, 74, 66, 59, 54, 49, 46. அறையின் வெப்பநிலை 29 பாகை செல்சியஸ். முதலில் எல்1-ஐயும் எல்2-ஐயும் அப்படியே நேர்கோட்டுக்குப் பொருத்தியபோது ஒட்டுறவுக் கெழு, அதாவது புள்ளிகள் நேர்கோட்டோடு எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதை −1 முதல் 1 வரை காட்டும் ஆர் என்ற எண், −0.984 என்று வந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் திருப்தியடைந்துவிடுவார்கள். ஆனால் கோட்டிலிருந்து விலகிய எச்சங்களைக் கணிப்பான் ரெசிட் என்ற தனிப் பட்டியலில் தானாகவே சேமித்து வைக்கிறது. அதை எல்4-க்குக் கொண்டுவந்து பார்த்தால் இரண்டு முனைகளிலும் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ மூன்று பாகை, நடுவில் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ மூன்று பாகை என்று ஒரு கிண்ணத்தின் வடிவம் வருகிறது. தேநீர் நேர்கோட்டில் ஆறவில்லை.

ஆகவே எல்3-ன் தலைப்பில் நின்று, எல்2-லிருந்து அறை வெப்பநிலையான 29-ஐக் கழித்து இயல் மடக்கை எடுக்கும் சூத்திரத்தை அவள் எழுதினாள். ஏழு எண்களும் ஒரே அழுத்தலில் வந்து இறங்கின. எல்1-க்கும் எல்3-க்கும் கோடு பொருத்தினால் கெழு −0.824. மூல அளவீடுகளுக்கே −0.984 வந்திருக்க, நேராக்கிய பிறகு உறவு கெட்டுப்போனதென்றால் எங்கோ தவறு. தேடிப் பார்த்ததில், இடையில் எல்2-ஐ அழித்துவிட்டு மறுபடி தட்டியபோது 59 என்பது 95 ஆகிவிட்டிருந்தது தெரிந்தது. திருத்தினாள். மறுபடி பொருத்தினாள். அதே −0.824.

“மாமா, எல்2-வைத் திருத்திட்டேன், ஆனா ஆர் மாறவே மாட்டேங்குதே!” என்றாள்.

எல்3-ஐப் பார்த்தபோது நான்காவது இடத்தில் 4.1897 அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது 66-ன் மடக்கை, அதாவது 95-லிருந்து 29 போன பழைய தவறின் மிச்சம். அவள் எழுதிய சூத்திரம் கணிப்பானுக்கு ஒரு முறை செய்து முடிக்க வேண்டிய வேலையாக மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது. என்டர் அழுத்திய கணத்தில் எல்2-ல் என்ன இருந்ததோ அதற்கு விடைகளை எழுதிவிட்டு, சூத்திரத்தை அது மறந்துவிட்டது. இதில் கவனிக்கத்தக்க இன்னொரு நுட்பமும் உண்டு. பிழையான எண் ஏழு அளவீடுகளின் சரிநடுவில், சராசரி நேரமான 15-வது நிமிடத்தில் விழுந்ததால் கோட்டின் சாய்வு கொஞ்சமும் மாறவில்லை. பிழையோடும் −0.0395, பிழையின்றியும் −0.0395. தொடக்க வெப்பநிலை மட்டும் 83.8-க்குப் பதிலாக 90.3 பாகை என்று வந்தது. சாய்வை மட்டும் கேட்கும் வினாவாக இருந்திருந்தால் பிழை இருந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது வடிவத்தில் மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: சூத்திரத்தை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். ஆல்ஃபா விசையை அழுத்திப் பிறகு கூட்டல் விசையை அழுத்தினால் மேற்கோள் குறி வரும். அப்படி எழுதி என்டர் அழுத்தியதும் எல்3 என்ற பெயருக்குப் பக்கத்தில் சிறியதொரு பூட்டுக் குறி தோன்றுகிறது. அதன் பிறகு அந்த நிரல் சூத்திரத்தோடு கட்டப்பட்டுவிடும். எல்2-ல் 95-ஐ 59 ஆக்கிய உடனே எல்3-ல் 4.1897 இருந்த இடம் 3.4012 ஆகிறது, கெழு −0.999-ஐத் தாண்டிப் போகிறது. புதிதாக ஓர் அளவீட்டை எல்2-ன் அடியில் சேர்த்தால் எல்3-ம் ஓர் இடம் நீள்கிறது. அன்று மாலை மேசையில் இதை இரண்டு முறை மாற்றி மாற்றிச் செய்து காட்டிய பிறகுதான், நிரலில் தெரியும் எண்களுக்குப் பின்னால் ஒரு விதி இருப்பதும் இல்லாமல் போவதும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது அவளுக்கு விளங்கியது. எனக்கும் இந்தக் கணிப்பானின் மீது மதிப்பு வந்தது அந்த மாலையில்தான்.

சூத்திரத்துக்குள் 29 என்ற எண்ணுக்குப் பதிலாகக் கே என்ற எழுத்தை வைத்துவிட்டு, முகப்புத் திரையில் கே-க்கு மதிப்பைக் கொடுப்பது இன்னும் நல்ல பழக்கம். அறையின் வெப்பநிலை 28-ஆக இருந்திருந்தால் என்ன, குளிரூட்டி ஓடி 25-ஆக இருந்திருந்தால் என்ன என்று கேட்டுக் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் நிரல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கே-க்கு 46 என்று கொடுத்தால் கடைசி அளவீடு பூஜ்யமாகி, பூஜ்யத்துக்கு மடக்கை இல்லை என்பதால் டொமைன் பிழை என்று கணிப்பான் நின்றுவிடும். என் அக்கா மகள் அதை வேண்டுமென்றே செய்து பார்த்துச் சிரித்தாள். மடக்கை எந்த எண்களுக்கு உண்டு என்பதைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு பதிந்திருக்காது.

எக்ஸ்ப்ரெக் என்ற அடுக்குக்குறிப் பொருத்தம் தனியாக இருக்கும்போது இத்தனை சுற்று எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கட்டளையும் உள்ளுக்குள் மடக்கை எடுத்து நேர்கோடுதான் பொருத்துகிறது. அது காட்டும் கெழுவும் மடக்கை எடுத்த எண்களுக்கு உரியதே. எப்படியும் 29-ஐக் கழிக்க ஒரு நிரல் வேண்டும், தேர்விலும் மாற்றிய நிரலின் மீது கோடு பொருத்தத் தெரிகிறதா என்பதே சோதிக்கப்படுகிறது. ஆகவே நிரல் வழியே நல்ல வழி.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, பூட்டிய நிரலின் ஏதேனும் ஓர் எண்ணின் மீது தெரியாமல் சுட்டியை வைத்து என்டர் அழுத்தி அதைத் திருத்திவிட்டால், அந்த எண் மாறுவதோடு சூத்திரமும் கழன்றுவிடும். பூட்டுக் குறி மறைந்துபோகும், மற்ற எண்கள் அப்படியே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது. பூட்டு என்று படம் போட்டுவிட்டுத் தொட்ட உடன் திறந்துகொள்ளும் கதவாக அதை வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. இரண்டாவது, சூத்திரம் கட்டிய நிரல் திரையில் இருக்கும்போது மற்ற நிரல்களில் எண் சேர்ப்பது சற்று மெதுவாகிறது. ஏழு அளவீடுகளில் அது தெரியாது, எழுபதில் தெரியும். ஆகவே மூல அளவீடுகள் எல்லாவற்றையும் முதலில் தட்டி முடித்துவிட்டுச் சூத்திரத்தைப் பிறகு எழுதுவதே நல்லது.

மூன்றாவது, நீளம் பொருந்தாமைச் சிக்கல். எல்1-ஐயும் எல்2-ஐயும் பெருக்கும் சூத்திரம் இருந்து, ஒன்றில் எட்டு எண்ணும் மற்றொன்றில் ஏழு எண்ணும் இருந்தால் டிம் மிஸ்மேட்ச் என்ற பிழை வரும். அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான வேறுபாட்டைத் தரும் டெல்டா லிஸ்ட் கட்டளையும் இதே குழியில் தள்ளும், ஏனெனில் ஏழு எண்களுக்கு இடையே ஆறு வேறுபாடுகளே உண்டு. அதன் விளைவை எல்1-க்கு எதிராக வரையப் போனால் கணிப்பான் மறுத்துவிடும். ஆக்மென்ட் கட்டளையால் முன்னே ஒரு பூஜ்யத்தை ஒட்டி நீளத்தைச் சரிசெய்யலாம். ஆனால் அந்தப் பூஜ்யம் ஓர் அளவீடு அல்ல என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். கூட்டுத்தொகையைத் தொடர்ந்து தரும் கம்சம் கட்டளைக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாணவர்களை அதிகம் அழவைப்பது இவை எதுவுமல்ல, டெல் விசைதான். நிரலின் தலைப்பில் நின்று, உள்ளே இருப்பதை அழிக்க நினைத்து அதை அழுத்தினால் நிரலே திரையிலிருந்து காணாமல் போகும். எல்1-க்குப் பிறகு எல்3 என்று தாவும் திரையைக் கண்டு கணிப்பான் கெட்டுவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. உண்மையில் பட்டியல் நினைவகத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஸ்டாட் விசை காட்டும் தெரிவுகளில் ஐந்தாவதான செட்அப்எடிட்டரை அழைத்து என்டர் அழுத்தினால் ஆறு நிரல்களும் திரும்பி வரும். உள்ளடக்கத்தை மட்டும் நீக்க வேண்டுமானால் தலைப்பில் நின்று கிளியர், பிறகு என்டர். இந்த இரண்டு வரியைக் கணிப்பானின் மூடிக்குள் ஒட்டி வைத்தால் பல வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் அமைதி நிலவும்.

நிகழ்தகவுப் பாடத்திலும் நிரல்கள் நன்றாக உழைக்கின்றன. எல்1-ல் சீக்வென்ஸால் 0 முதல் 10 வரை, எல்2-ன் தலைப்பில் ஈருறுப்புப் பரவலின் நிகழ்தகவுகளைத் தரும் பைநாம்பிடிஎஃப் கட்டளைக்கு முயற்சிகள் 10, வெற்றி வாய்ப்பு 0.3 என்ற இரண்டு மதிப்புகளை மட்டும் கொடுத்தால் பதினொரு நிகழ்தகவுகளும் ஒரே மூச்சில் வருகின்றன. முகப்புத் திரையில் எல்1-ஐ எல்2-ஆல் பெருக்கிக் கூட்டினால் 3 என்ற சராசரி கிடைக்கிறது. பத்தை 0.3-ஆல் பெருக்கினால் வருவதும் அதுவே. சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதன் பொருள் நிரலில் தெரிகிறது.

இதே நிறுவனத்தின் பழைய டிஐ-89 கணிப்பானை நான் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் பயன்படுத்தியிருக்கிறேன். 1998-ல் வந்த அந்தக் கருவியில் தரவுத் திருத்தி தனிச் செயலியாகவே இருந்தது. 99 நிரல்கள் வரை வைத்துக்கொள்ளலாம், நிரல்களுக்கு சி1, சி2 என்று பெயர், தலைப்பில் எழுதிய சூத்திரம் மேற்கோள் குறி இல்லாமலேயே நிரலோடு நிலைத்து நிற்கும். எனக்கு அந்த ஏற்பாடே சரியானதாகப் படுகிறது. நிரலின் தலையில் ஒருவர் சூத்திரம் எழுதினால் அது தங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இயல்பான எதிர்பார்ப்பு, எக்செல் போன்ற விரித்தாளில் வளர்ந்த இன்றைய பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக. ஆனால் டிஐ-89 இயற்கணிதத்தைக் குறியீடுகளாகவே தீர்க்கக்கூடியது, அத்தகைய கணிப்பான்களுக்கு மேல்நிலைத் தேர்வில் இடமில்லை. ஆகவே ஏக்கப்படலாமே தவிர, வாங்கிக் கொடுக்க முடியாது. கேசியோவின் எஃப்எக்ஸ்-சிஜி50 இன்னொரு தெரிவு. அதில் ஒரு கோப்புக்கு 26 பட்டியல்களும் தனி விரித்தாளும் உண்டு. எங்கள் வீட்டில் அது இல்லாததால் அதைப் பற்றி இங்கு மேலும் எழுதுவது முறையாகாது.

தேர்வு அறையைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். தேர்வுக்கு முன் கணிப்பானின் நினைவகத்தை அழித்துவிட வேண்டும் என்பது விதி. வீட்டில் பொறுமையாகப் பூட்டுப் போட்டு வைத்த நிரல்கள், கே-க்குக் கொடுத்த மதிப்பு, எல்லாம் போய்விடும். போகட்டும். அதோடு சேர்ந்து ஒட்டுறவுக் கெழுவைக் காட்டும் அமைப்பும் அணைந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். கோடு பொருத்தினால் சாய்வும் வெட்டுத்துண்டும் வரும், ஆர் வராது. மோட் திரையில் கீழே இறங்கி ஸ்டாட் டயக்னாஸ்டிக்ஸ் என்பதை மறுபடி ஆன் செய்ய வேண்டும். இதற்காகவே எங்கள் வீட்டில் மாதிரித் தேர்வு ஒவ்வொன்றையும் நினைவகத்தை அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். அழித்தல், மோட், டயக்னாஸ்டிக்ஸ், பிறகு வினாத்தாளின் முதல் பக்கம். இப்போது அவளுடைய விரல்கள் இதை என்னைக் கேட்காமலே செய்கின்றன.

மின்கலம் மறுமின்னேற்றம் செய்யக்கூடியது, பள்ளி வாரத்துக்குத் தாராளமாகப் போதும். மின்னேற்றக் கம்பியின் முனை மட்டும் பழைய மினி யுஎஸ்பி வகை என்பதால் கைப்பேசிக் கம்பி உதவாது.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டால், நிரல்களுக்காக வாங்குவதானால் வேண்டாம் என்பேன். தேர்வு முடித்த மாணவர்கள் ஆண்டு இறுதியில் இவற்றை இணையச் சந்தைகளில் விற்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு மூத்த மாணவரிடம் 90 வெள்ளிக்கு வாங்கினேன். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்துக் கைமாற்றும்போது திரை, மின்னேற்றத் துளை ஆகியவற்றோடு ஆல்ஃபா விசையும் கூட்டல் விசையும் சரியாக அழுந்துகின்றனவா என்றும் பாருங்கள், மேற்கோள் குறிக்கு அவை இரண்டும் வேண்டும். எங்கள் கணிப்பானை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தபோது முந்தைய உரிமையாளரின் பட்டியல்கள் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தன. எல்3-ல் வரிசையாக மடக்கைகள் நின்றன, பெயருக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இல்லை.